ரோமும் அமால்ஃபி கடற்கரையும் ஒரே ட்ரிப்ல: ப்ளான் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலி ப்ளான்னு யாராவது காட்டினா பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. ரோம் மூணு நாள், அமால்ஃபி கோஸ்ட்ல இருக்கற பொசிட்டானோ ரெண்டு நாள், நடுவுல எரிமலைல புதைஞ்ச பழைய ஊரான பொம்பெய், டைம் இருந்தா காப்ரி தீவு. ரோமுக்குள்ள எத்தனை மணிக்கு எங்க நிக்கணும்னு எக்ஸெல்ல போட்டிருப்பாங்க, பொசிட்டானோல சன்செட் எந்த மொட்டைமாடில பாக்கணும்ங்கறது கூட இருக்கும். ஆனா ரோம்ல இருந்து பொசிட்டானோ போற நாளுக்கு மட்டும் "காலைல கிளம்புறோம்"னு ஒரே ஒரு வரி. நான் பாத்த வரைக்கும் ட்ரிப் சொதப்புறது அந்த வரிலதான். ஊரும் நல்லாருக்கும் கடலும் நல்லாருக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பயணத்த யாரும் ப்ளான்ல சேக்கறதில்ல.

மேப்ல பாத்தா கிட்டக்கதான் தெரியும். ரோம் டெர்மினி ஸ்டேஷன்ல இருந்து நேப்பிள்ஸுக்கு ஃபாஸ்ட் ட்ரெயின்ல சுமார் ஒரு மணி பத்து நிமிஷம்தான், அத பாத்துட்டு சரி மிச்சம் ஒரு மணி நேரம்னு நினைச்சுக்கறாங்க. ஆனா அந்த கோஸ்ட்ல இருக்கற பொசிட்டானோ, அமால்ஃபி, ரவெல்லோ எதுலயும் ரயில்வே ஸ்டேஷனே கிடையாது. நேப்பிள்ஸ்ல இறங்கி, பெட்டிய இழுத்துக்கிட்டு கீழ் தளத்துக்கு போயி, சர்க்கும்வெசுவியானாங்கற லோக்கல் ட்ரெயின புடிச்சு சொரெண்டோங்கற ஊருக்கு போகணும், அதுவே ஒரு மணி நேரத்துக்கு மேல. சீட் ரிசர்வேஷன் கிடையாது, சம்மர்ல நம்ம பீக் அவர் லோக்கல் மாதிரிதான் கூட்டம், பிக்பாக்கெட் தொல்லையும் உண்டு. சொரெண்டோல இறங்கினா சீட்டா கம்பெனி பஸ்ஸுக்கு க்யூ, அப்புறம் மலைய ஒட்டி முக்கா மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு போகணும். நடுவுல காத்திருக்கறதயும் சேத்தா நாலஞ்சு மணி நேரம் சாதாரணமா போயிடும். அன்னிக்கு மதியம் பீச்ல இருக்கலாம்னு நினைச்சா நடக்காது.

இதுக்கு இன்னொரு வழி இருக்கு, அது நிறைய பேருக்கு தெரியறதில்ல. ரோம்ல இருந்து அந்த கோஸ்ட்டோட கிழக்குப் பக்கம் இருக்கற சலேர்னோவுக்கே நேரா ஃபாஸ்ட் ட்ரெயின் இருக்கு, ரெண்டு மணி நேரம் போல. சலேர்னோ ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷம் நடந்தா கொன்கார்டியா படகுத்துறை, அங்கிருந்து ஃபெர்ரில அமால்ஃபிக்கு அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, பொசிட்டானோவுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் போல. பஸ்ல மலைய பாத்து தலை சுத்தறதுக்கு பதிலா கடல்ல இருந்து அந்த ஊர்கள பாத்துக்கிட்டே போகலாம். ஆனா இதுலயும் சில விஷயம் கவனிக்கணும். ஃபெர்ரி சுமார் ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான். பகல்லதான் ஓடும், அதனால சாயந்தர ட்ரெயின்ல சலேர்னோ வந்து சேந்தீங்கன்னா அன்னிக்கு ராத்திரி அங்கயேதான். கடல் கொந்தளிச்சா கேன்சல் பண்ணிடுவாங்க. சில ஃபெர்ரி தள்ளி இருக்கற மன்ஃப்ரெடி துறைல இருந்து கிளம்பும், டிக்கெட்ல எந்த துறைன்னு பாத்துக்கோங்க. இன்னொண்ணு, 'வியத்ரி சுல் மாரே அமால்ஃபி'ன்னு பேர் வச்ச ஸ்டேஷன் ஒண்ணு இருக்கு, பேர்ல அமால்ஃபி இருக்கறத பாத்து அங்க இறங்கிடாதீங்க, அது அந்த கோஸ்ட்டோட கிழக்கு முனை, அமால்ஃபி ஊர் அங்கிருந்து இன்னும் ரொம்ப தூரம்.

கடைசி ராத்திரிய கடற்கரைல வைக்கறது இன்னொரு பெரிய தப்பு. கேக்க நல்லாத்தான் இருக்கும், ரோம்ல அலைஞ்சு முடிச்சுட்டு கடைசில பீச்ல ரெஸ்ட் எடுத்துட்டு வீட்டுக்கு கிளம்பலாம்னு. ஆனா ரிட்டர்ன் ஃப்ளைட் ரோம் ஃபியூமிசினோ ஏர்போர்ட்ல இருந்து காலைல பதினோரு மணிக்குன்னா பொசிட்டானோல இருந்து விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே தனி கார் வச்சுத்தான் வரணும், அதுக்கு நூத்துக்கணக்குல யூரோ கேப்பாங்க. அன்னிக்கு பாத்து ரோட்ல ஏதாவது அடைப்புன்னா ஃப்ளைட்ட மறந்துட வேண்டியதுதான். என் கட்சி என்னன்னா, இறங்கின உடனே சவுத் பக்கம் போயிடுங்க, கடல் முதல்ல, ரோம் கடைசில. லாங் ஃப்ளைட்ல வந்த களைப்புக்கு முதல் ராத்திரி நேப்பிள்ஸ்லயோ சலேர்னோலயோ தூங்கி எழுந்து காலைல ஃபெர்ரி புடிச்சா பெட்டியும் உடம்பும் ரெண்டும் பத்திரம். கடல் மோசமாகி ஒரு நாள் மாட்டிக்கிட்டா கூட போறது ரோம்ல ஒரு நாள்தான், ஃப்ளைட் இல்ல. இதெல்லாம் வேணாம்னா ரோம்ல இறங்கி நேப்பிள்ஸ் ஏர்போர்ட்ல இருந்து ஏறுற மாதிரி டிக்கெட் போடுங்க, ரெண்டு தனி ஒன்வே வாங்காம மல்ட்டி சிட்டின்னு தேடினா விலை பெரும்பாலும் ரொம்ப வித்தியாசப்படாது, திரும்பி வர்ற பயணமே மிச்சம்.

மொத்தமே அஞ்சாறு நாள்தான் இருக்குன்னா ரோம விட்டுடுங்கன்னு சொன்னா திட்டுவீங்க, இருந்தாலும் சொல்றேன். நேப்பிள்ஸே ஒரு சிட்டிதான சார். அத எல்லாரும் ட்ரெயின் மாறுற ஸ்டேஷனா மட்டும் பாக்கறாங்க. பழைய நகரப்பகுதி யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு. பொம்பெய்ல தோண்டி எடுத்த நல்ல நல்ல மொசைக்கு, சுவரோவியம் நிறைய இப்ப பொம்பெய்ல இல்ல, நேப்பிள்ஸ் தேசிய தொல்லியல் மியூசியத்துலதான் இருக்கு (செவ்வாய்க்கிழமை லீவு, அத பாத்துக்கோங்க). பீட்சா பத்தி சொல்லவே வேணாம். கொஞ்சம் சத்தம், கொஞ்சம் குப்பை, ஸ்கூட்டர்காரன் ஃபுட்பாத்த ஒட்டியே உரசிட்டு போவான், நம்மாளுங்களுக்கு இதெல்லாம் புதுசா என்ன. அங்க ரெண்டு ராத்திரி, கடல்ல மூணு ராத்திரின்னு வச்சா நிம்மதியா இருக்கும்.

தங்கற ஊர போட்டோ பாத்து முடிவு பண்றதும் தப்பு. பொசிட்டானோ அழகுதான், யார் இல்லன்னா, ஆனா அது மலைச்சரிவுல ஒட்ட வச்ச ஊரு, நடக்கறதுன்னாலே படிதான். பீச்ல இருந்து பத்து நிமிஷம்னு ஹோட்டல்காரர் போட்டிருந்தா அந்த பத்து நிமிஷத்துல எத்தனை நூறு படின்னு கேளுங்க, அம்மா அப்பா கூட வர்றாங்கன்னா முழங்கால் போயிடும், பெரிய பெட்டின்னா போர்ட்டர் வைக்காம முடியாது. ரவெல்லோ அருமையான ஊரு, வில்லா ருஃபோலோ தோட்டத்துல இருந்து பாத்தா மொத்த கடலும் கீழ விரிஞ்சு கிடக்கும், ஆனா அது மலை மேல இருக்கு, பீச் கிடையாது. சொரெண்டோவுக்கு போக்குவரத்து வசதி நல்லா இருக்கு, ஆனா அது அந்த தீபகற்பத்தோட இன்னொரு பக்கம், அமால்ஃபி கோஸ்ட் இல்ல, பெரிய பீச்சும் இல்ல. காப்ரிக்கும் பொம்பெய்க்கும் போகணும்னா சொரெண்டோ, குழந்தைங்களோட தண்ணில விளையாடணும்னா மயோரி, ஏன்னா அந்த கோஸ்ட்லயே நீளமான பீச் அங்கதான், தரையும் சமதரை. பட்ஜெட் இடிக்குதுன்னா சலேர்னோவுல ரூம் போட்டு தினமும் ஃபெர்ரில போயிட்டு வாங்க, இதுல எந்த கௌரவக் குறைச்சலும் இல்ல. ரெண்டு ராத்திரிக்கு கம்மியா எங்கயும் போடாதீங்க, ஒரு ராத்திரி மட்டும்னா பெட்டி கட்டுறதும் பிரிக்கறதும்தான் மிச்சம்.

பீச்னு சொன்ன உடனே மெரினா மணல நினைச்சுக்காதீங்க. அங்க பெரும்பாலும் கூழாங்கல்லும் கருப்பு கலந்த கரடு மணலும்தான், ரப்பர் செருப்பு இல்லாம இறங்கினா கால் வலிக்கும். நல்ல இடமெல்லாம் தனியார் வாடகைக்கு எடுத்து குடையும் சாய்வு நாற்காலியும் போட்டு காசு வாங்குவாங்க, ஓரமா ஸ்பியாஜா லிபெரான்னு இலவசப் பகுதி இருக்கும், அதுல இடம் வேணும்னா காலைலயே போகணும்.

கார் எடுக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு ஒரே பதில், வேணாம். அந்த ரோடு மலைல செதுக்கின குறுகலான ரோடு, எதிர்ல டூரிஸ்ட் பஸ் வந்தா ரிவர்ஸ் எடுக்கணும், பார்க்கிங் கிடைக்காது, கிடைச்சா ரூம் வாடகை மாதிரி கேப்பாங்க. 2022ல இருந்து கூட்டமான நாட்கள்ல காலை 10ல இருந்து சாயந்தரம் 6 வரைக்கும் நம்பர் பிளேட்டோட கடைசி எண் ஒத்தைப்படையா இரட்டைப்படையான்னு பாத்துதான் விடறாங்க, வாடகை கார்னு சலுகை இல்ல. ரோம், நேப்பிள்ஸ் மாதிரி ஊருக்குள்ள ஸெட்டிஎல்னு ஒரு தடை பகுதி இருக்கு, தெரியாம நுழைஞ்சா கேமரா படம் எடுத்துடும், ஊருக்கு வந்து பல மாசம் கழிச்சு ஃபைன் வரும், போதாததுக்கு ரெண்டல் கம்பெனி அதுக்கு தனியா ஒரு சார்ஜ் போடும். இந்திய லைசென்ஸ்ன்னா கூடவே இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வேணும்.

பஸ்ல போறவங்க டிக்கெட்ட முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க, 'டி'ன்னு போர்டு போட்ட தபாக்கிங்கற புகையிலைக் கடைல கிடைக்கும். நடுவுல இருக்கற ஸ்டாப்ல நின்னா ஃபுல்லா வந்து நிக்காமலே போயிடுவான், முடிஞ்ச வரைக்கும் கிளம்புற இடத்துலயே ஏறுங்க. சொரெண்டோல இருந்து போகும்போது வலது பக்கம் உக்காந்தா கடல் தெரியும். வாந்தி வர்றவங்க மாத்திரை போட்டுக்கிட்டு ஏறுங்க, சும்மா சொல்லல.

எப்ப போறதுங்கறதுல ஆகஸ்ட் பெரிய பொறி. ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ, மொத்த இத்தாலியும் லீவ் போட்டுட்டு கடலுக்கு வந்துடும், அதே சமயம் ரோம்ல குடும்பமா நடத்துற சின்ன கடைகள் நிறைய பூட்டிருக்கும், ஆக சிட்டியும் வெயில்ல காலி, கோஸ்ட்டும் கூட்டத்துல நெரிசல். குளிர்காலத்துல விலை கம்மியா இருக்கேன்னு நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள புக் பண்ணா பாதிக்கு மேல ஹோட்டல் மூடிருக்கும், ஃபெர்ரியும் இருக்காது. நம்ம ஸ்கூல் லீவு மே மாசம்ங்கறது இதுல அதிர்ஷ்டம்தான், நடக்கறதுக்கும் மலைப்பாதைல போறதுக்கும் ரொம்ப நல்ல டைம், தண்ணி மட்டும் ஜில்லுனு இருக்கும். நீச்சல்தான் முக்கியம்னா செப்டம்பர். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 அவங்க அரசு லீவு, வாரக்கடைசியோட சேந்து வந்தா கூட்டம்.

புக்கிங்ல நம்மாளுங்க பண்ற தப்பு தனி ரகம். விசா வர்றதுக்கு முன்னாடியே சீப்பா இருக்கேன்னு ரீஃபண்ட் இல்லாத ட்ரெயின் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் வாங்கிடறது. ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், ஸ்லாட் கிடைக்கறதுதான் கஷ்டம், அதனால கடைசி வரைக்கும் ஒத்திப்போடாதீங்க. ஹோட்டல் எல்லாம் ஃப்ரீ கேன்சலேஷன்ல போடுங்க, குறைஞ்சது 30,000 யூரோ கவர் ஆகற இன்ஷூரன்ஸ் கட்டாயம், ட்ரெயின் டிக்கெட்ட விசா கைல வந்த அப்புறம் வாங்கினா போதும். ஆனா விசா வந்த உடனே தூங்கிடக்கூடாது. கொலோசியம் டிக்கெட் பேர் போட்டு, டைம் போட்டு வர்றது, சீசன்ல சீக்கிரம் தீந்துடும், பாஸ்போர்ட்ல இருக்கற பேரே டிக்கெட்லயும் இருக்கணும், இனிஷியல் விரிவாக்கம் எல்லாம் பாத்து போடுங்க. ரோம்ல இருக்கற பொர்கேசே கேலரிங்கற ஓவிய, சிற்ப மியூசியத்துக்கு முன்பதிவு இல்லாம போகவே முடியாது, திங்கள் லீவு. வத்திக்கான் மியூசியம் ஞாயிறு லீவு, மாசத்தோட கடைசி ஞாயிறு மட்டும் இலவசமா கொஞ்ச நேரம் திறப்பாங்க, இலவசம்னா க்யூ எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா. பொம்பெய்லயும் 2024 நவம்பர்ல இருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர்தான்.

பொம்பெய்ய போற வழிலயே பாத்துடலாம்னு நினைக்கறது லாஜிக்கா சரி, ஏன்னா சொரெண்டோ ட்ரெயின் அந்த வாசல்லயே நிக்கும், 'பொம்பெய் ஸ்காவி'ன்னு ஸ்டேஷன். ஆனா பெரிய பேக்க உள்ள விடமாட்டாங்க, எங்கயாவது வச்சுட்டுத்தான் போகணும், உள்ள நிழலே கிடையாது, முழுக்க கல் பாவின ரோடு. அத முடிச்சுட்டு மறுபடி அந்த கூட்ட ட்ரெயின்ல பெட்டியோட ஏறி, அப்புறம் பஸ் க்யூல நிக்கறத கொஞ்சம் நினைச்சு பாருங்க. தனி ஒரு காலைப்பொழுத ஒதுக்குங்க, வெறுங்கையோட போங்க.

சாப்பாட்டுல சுத்த சைவம்னா பயப்பட ஒண்ணுமில்ல, அந்த பக்கம் தக்காளியும் கத்திரிக்காயும்தான் ராஜா. ஆனா கண்ண மூடிட்டு நம்பிடவும் கூடாது. மரினாரா பீட்சால சீஸ் கூட இருக்காது, தக்காளி பூண்டு ஓரிகானோதான், தாராளமா சாப்பிடலாம். காய்கறி சூப்புன்னு போட்டிருந்தா கறி வேகவச்ச தண்ணில பண்ணிருக்கலாம், கேட்டுக்கோங்க. பார்மிஜானோ சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னட் சேப்பாங்க. நேப்பிள்ஸ்ல எல்லாரும் வாங்கி சாப்பிடுற ஸ்ஃபோலியாதெல்லா, அந்த மொறுமொறு இனிப்பு, அதுல பழைய முறைப்படி பன்னிக் கொழுப்புதான், சைவக்காரங்க அத தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

பில்லுல கொப்பெர்தோன்னு ஆளுக்கு ரெண்டு மூணு யூரோ போட்டிருந்தா ஏமாத்திட்டான்னு சண்டைக்கு போகாதீங்க, அது உக்காந்து சாப்பிடறதுக்கான வழக்கமான சார்ஜ். ஹோட்டல்லயும் புக்கிங்ல கட்டின காசு போக ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு டூரிஸ்ட் டாக்ஸ் கேப்பாங்க, நேர்ல கட்டணும்.

அப்புறம் ஸ்ட்ரைக். இத்தாலில ட்ரெயின் ஸ்ட்ரைக் அடிக்கடி வரும், பெரும்பாலும் முன்கூட்டியே தேதி சொல்லிட்டுதான் பண்ணுவாங்க, ஸ்ட்ரைக்குக்கு இத்தாலியன் வார்த்தையான 'ஷோபெரோ'ன்னு (sciopero) தேடி உங்க தேதிக்கு ஏதாவது இருக்கான்னு கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பாருங்க. ஊர் மாறுற நாள்ல வந்து விழுந்துச்சுன்னா வேலை நாள்ல காலை 6ல இருந்து 9 வரைக்கும், சாயந்தரம் 6ல இருந்து 9 வரைக்கும் ரீஜனல் ட்ரெயின்கள் (ஃபாஸ்ட் ட்ரெயின் இல்ல, நின்னு நின்னு போற சாதாரண ட்ரெயின்) ஓடணும்னு விதி இருக்கு, கடற்கரைக்கு போற நாளா இருந்தா காலை நேரத்துலயே கிளம்பிடுங்க, சாயந்தர ட்ரெயினுக்கு ஃபெர்ரி இருக்காது.