சர்வதேச அமைதி மாநாட்டுக்கு நம் தர்மபுரி மாவட்டத்திலிருந்து குழு கிளம்புகிறதா? அழைப்பு வந்த அன்றே தொடங்குங்கள்

அழைப்புக் கடிதம் வந்ததும் சங்கத்தில் முதலில் எழும் கேள்வி, "நம்மில் யாருக்கு இங்கிலீஷ் தெரியும்?" அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யாருக்கு நடந்தது, யார் பக்கத்தில் நின்று பார்த்தார், யார் அதற்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்தார் என்று கேளுங்கள். மாநாட்டு மேடையில் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமே இருக்காது, ஆனால் எரிந்த வீட்டுச் சாம்பலில் ரேஷன் கார்டைத் தேடிய ஒரு அம்மா அங்கே வந்து நிற்பது அபூர்வம். அவரை அனுப்புங்கள், மொழிபெயர்க்க ஒரு கல்லூரிப் பெண்ணை உடன் அனுப்புங்கள். யார் போவது என்பதை எல்லோரும் உட்கார்ந்து பேசி, தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு மனஸ்தாபம் வராமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

அடுத்தது, அமைதி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது. நம் ஊரில் இந்த வார்த்தைக்கு ஒரு பழக்கப்பட்ட அர்த்தம் இருக்கிறது: தகராறு நடந்தால் தாசில்தார் ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை வைப்பார்கள், இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள், கடைசியில் அடி வாங்கியவரிடமே "கொஞ்சம் அனுசரித்துப் போங்க" என்பார்கள். அதனால் அமைதி மாநாடு என்றதும் எங்கள் பெண்கள் சிலர் முகம் சுளித்தார்கள், அவர்கள் சுளித்ததில் தப்பே இல்லை. இதைப் பேசித் தீர்க்காமல் விமானம் ஏறாதீர்கள். ஒரு மாலை முழுக்க இதற்கே ஒதுக்குங்கள். நியாயம் கிடைத்த பிறகு வருவதா, பயமில்லாமல் தண்ணீருக்குப் போக முடிவதா, பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருவதா, அவரவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மாநாட்டில் பேசப் போகிற பேச்சின் பாதி அன்றைக்கே கிடைத்துவிடும்.

சொல்ல விஷயம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தி என்ற மலைவாழ் கிராமத்தில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் நடத்திய கொடுமைக்கு 2011-இல் தர்மபுரி நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது, 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம் விடாமல் நின்ற மலைவாழ் மக்களின் கதை அது. 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. காவிரிப் பிரச்சினை சூடானால் கர்நாடகா போகும் பஸ் எல்லையில் ஓசூரோடு நின்றுவிடும், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசுகிற ஊரில் திடீரென்று யார் எந்த மொழிக்காரர் என்ற பேச்சு வரும். இது எல்லாவற்றையும் ஒரே பேச்சில் திணிக்காதீர்கள். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1962-இல், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு வாஷிங்டன் போய் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்தாரே, அவர் கொண்டுபோனது அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கள் என்ற ஒரு கோரிக்கையைத்தான். நீங்களும் ஒன்றை எடுங்கள், அதற்கு ஒரு கோரிக்கை வையுங்கள். பெண்கள் குழு என்றால் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1325-ஆம் தீர்மானத்தைப் படித்துக்கொண்டு போங்கள். 2000 அக்டோபரில் வந்தது, அமைதிப் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்பது அதன் சாரம். இளைஞர் குழுவுக்கு 2015-இல் வந்த 2250-ஆம் தீர்மானம். இந்த எண்ணைச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம் பேச்சு எங்கே பொருந்துகிறது என்று சட்டெனப் புரியும்.

பேச்சுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடம், மீதி மொழிபெயர்ப்புக்குப் போய்விடும். "மேடையில் வீற்றிருக்கும்" என்று ஆரம்பித்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னால் அதிலேயே அரை நிமிடம் போகும். எடுத்த எடுப்பில் ஊர்ப் பெயர், உங்கள் பெயர், நடந்தது. இரண்டு வாக்கியம் சொல்லி நிறுத்த வேண்டும், மொழிபெயர்ப்பவர் முடித்ததும் தொடர வேண்டும். இது பார்க்கச் சுலபம், பழகாமல் வராது, போனில் டைமர் வைத்துப் பத்துத் தடவையாவது சொல்லிப் பாருங்கள். மொழிபெயர்க்கும் பிள்ளையிடம், சொல்லாததைச் சேர்க்காதே, அழுகையை ஆங்கிலத்தில் அழகாக்காதே என்று சொல்லி வையுங்கள். சில வார்த்தைகளுக்கு முன்கூட்டியே விளக்கம் தயாராக இருக்கட்டும். முக்கியமாகக் "காலனி". நமக்கு அது ஊருக்கு வெளியே தலித் மக்கள் வாழும் குடியிருப்பு. வெளிநாட்டுக்காரர் காதில் வெள்ளைக்காரன் ஆண்ட நாடு என்று விழும். "ஊர்" வேறு, "காலனி" வேறு என்பதை ஒரே வரியில் சொல்லத் தெரியாவிட்டால் நத்தத்தில் நடந்தது அவர்களுக்குப் புரியவே புரியாது.

இன்னொன்று. அடுத்தவர் கதையைச் சொல்வதற்கு முன் அவர் சம்மதம் வாங்குங்கள், போட்டோவுக்கும் அப்படியே. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவதை நம் சட்டமே தடுக்கிறது, வெளிநாட்டு மேடை என்பதால் நாம் அந்தப் பொறுப்பை மறந்துவிட முடியாது.

சரி, காகித வேலை. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அழைப்பு உறுதியாகும் வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. தர்மபுரியில் தபால் நிலையத்திலேயே சேவை மையம் இருக்கிறது. சிக்கல் எல்லாம் பெயரில்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கிடையாது, விரித்து எழுத வேண்டும். ஆதாரில் அப்பா பெயர், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு எழுத்து என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு இதற்கே இரண்டு மாதம் ஆனது. அழைப்புக் கடிதத்திலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே இருக்க வேண்டும். பத்தாவது முடிக்காதவர்களுக்கு இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று முத்திரை வரும், பயப்பட வேண்டாம், அது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. போராட்டத்தில் கலந்துகொண்டு வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். அந்தக் கோர்ட்டிலேயே அனுமதி ஆணை வாங்கிப் பாஸ்போர்ட் எடுக்க வழி இருக்கிறது, வக்கீலிடம் இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

நேபாளம் என்றால் வாக்காளர் அட்டையே போதும். ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள் என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடும் வேண்டும். விசா கிடைக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு, அது அவமானம் இல்லை. 1915-இல் போர் நடுவே ஹேக் நகரில் பெண்கள் அமைதி மாநாடு கூடியபோது பிரிட்டனிலிருந்து கிளம்பத் தயாராக இருந்த 180 பேரில் பெரும்பாலோர், பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதாலும் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பட்டதாலும் போய்ச்சேரவே முடியவில்லை. அப்படி ஆகலாம் என்று எண்ணி, பேச்சை முன்பே வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் மிகவும் கவனம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாயும் தன் கணக்கில் வாங்கக் கூடாது. செலவை ஏற்பதாகச் சொன்னால், போகிறவர் பெயரில் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் அமைப்பாளர்களே நேரடியாக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: குழுவில் பஞ்சாயத்துத் தலைவரோ வார்டு உறுப்பினரோ அரசு ஊழியரோ இருந்தால், வெளிநாட்டார் செலவில் தங்கவும் பயணம் செய்யவும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அதற்கான விண்ணப்பம் எஃப்.சி.-2 படிவம், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போய்ச்சேர வேண்டும். உள்ளூரில் வசூல் செய்தால் ரசீது கொடுங்கள், கணக்கைக் கூட்டத்தில் வாசியுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஸ்வெட்டர், சாக்ஸ், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மாத்திரைக்கு டாக்டர் சீட்டு. ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்றால் பத்து நாள் முன்பே தடுப்பூசி போட வேண்டும், கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள்.

திரும்பி வந்ததும் ஊர்க்கூட்டம் போடுகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள், வந்த களைப்பில் அது தள்ளிப்போய்க் கடைசியில் நடக்காது. டிக்கெட் போடும் அன்றே அந்தக் கூட்டத்துக்கும் தேதி குறித்து, நோட்டில் எழுதிவிடுங்கள். மாநாட்டு அறிக்கையைத் தமிழில் இரண்டு பக்கமாக்கி அன்று வாசியுங்கள், யார் யாரைச் சந்தித்தீர்கள், யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்பதையும் சொல்லுங்கள், சம்மதம் கொடுத்தவர்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.