வெஸ்டர்ன் படம் யாருக்காக? பார்வையாளரைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதையில் குதிரையும் தொப்பியும் துப்பாக்கியும் இருந்துவிட்டால், ‘வெஸ்டர்ன் ரசிகர்களுக்கான படம்’ என்று திட்ட அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவது ஹாலிவுட்டின் பழைய தவறு. 1950களில், ஆண்டுதோறும் டஜன் கணக்கில் கௌபாய் படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், எது வந்தாலும் பார்க்கிற அப்படியொரு கூட்டம் அமெரிக்காவில் இருந்தது. இன்று அந்த வரி யாரையும் குறிப்பதில்லை. யார், யாருடன், எந்த நாளில் இந்தப் படத்துக்காக வீட்டை விட்டுக் கிளம்புவார் என்று சொல்ல முடியாதவரை பார்வையாளரைக் கண்டுகொண்டதாக எண்ணக் கூடாது.

பெயரின் புகழைப் பார்வையாளரின் ஆர்வமாக எடுத்துக்கொள்வது இதைவிட விலை கூடிய தவறு. ‘தி லோன் ரேஞ்சர்’ 1933இல் வானொலித் தொடராகத் தொடங்கி, 1949 முதல் 1957 வரை தொலைக்காட்சித் தொடராக வந்த, முகமூடி அணிந்த வீரன் ஒருவனின் கதை. 2013இல் டிஸ்னி அதைச் சுமார் 21.5 கோடி டாலர் செலவில் படமாக்கியபோது, அத்தொடரைச் சிறுவயதில் பார்த்தவர்கள் அறுபது வயதை ஒட்டியோ தாண்டியோ இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த முகமூடிக்காரர் யாரென்றே தெரிந்திருக்காது. டிஸ்னி என்ற பெயரை நம்பிக் குடும்பங்கள் வரும் என்று கணக்குப் போட்டிருந்தால், அதற்கும் படமே குறுக்கே நின்றது: ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஓடும் அப்படத்தில் வில்லன் ஒரு மனிதனின் நெஞ்சைப் பிளந்து இதயத்தைத் தின்கிறான். அது வெளியான ஜூலை 3 அன்றே ‘டெஸ்பிகபிள் மீ 2’ என்ற அனிமேஷன் படமும் வந்தது. எட்டு வயதுப் பிள்ளையுடன் கிளம்பும் தாய் எந்த வரிசையில் நிற்பார் என்று கண்டுபிடிக்க ஆய்வு நிறுவனம் தேவையில்லை. உலகம் முழுவதும் கிடைத்த வசூல் சுமார் 26 கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதியைத் திரையரங்குகள் எடுத்துக்கொள்ளும் என்பதால், விளம்பரச் செலவைச் சேர்க்காமலேயே கணக்கு நஷ்டத்தில் முடிந்தது.

எத்தனை பேர் வந்தால் போட்ட பணம் திரும்பும் என்பதைச் செலவுதான் முடிவு செய்கிறது. ஆகவே பார்வையாளரைப் பற்றிய கேள்வியைப் படம் முடிந்தபின் விளம்பரப் பிரிவிடம் தள்ளிவிடுவதும் தவறே. 2010இல் கோயன் சகோதரர்கள் எடுத்த ‘ட்ரூ கிரிட்’ சுமார் 3.8 கோடி டாலரில் முடிந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் 17 கோடிக்கு மேல் ஈட்டியது. கதையை நடத்திச் செல்வது 14 வயதுப் பெண். வெஸ்டர்ன் என்றால் ஆண்களுக்கான படம் என்ற முடிவோடு அதை அணுகியிருந்தால், தாயும் மகளும் சேர்ந்து பார்க்கக்கூடிய கதை கையில் இருப்பதே கண்ணில் பட்டிருக்காது. கோயன் சகோதரர்களின் பல படங்கள் ‘ஆர்’ சான்றிதழ் பெற்றவை, அதாவது 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்க முடியாதவை. இது சிறுவர்களையும் அனுமதித்து, 13 வயதுக்குட்பட்டோரின் பெற்றோரை மட்டும் எச்சரிக்கும் பிஜி-13 சான்றிதழ் பெற்று, குடும்பங்கள் கூடியிருக்கும் கிறிஸ்துமஸ் வாரத்தில் வெளியானது.

வயது முதிர்ந்த பார்வையாளர் இருக்கிறார் என்று அறிவது வேறு, அவர் முதல் வெள்ளிக்கிழமையே வருவாரா என்று அறிவது வேறு. ‘யெல்லோஸ்டோன்’ என்ற தொலைக்காட்சித் தொடரால் நடிகர் கெவின் காஸ்ட்னருக்குப் பெருங்கூட்டம் சேர்ந்திருந்தது, ஆனால் அது வீட்டில் சோபாவில் அமர்ந்து பார்த்த கூட்டம். 2024 ஜூன் மாதத்தில் அவருடைய ‘ஹொரைசன்’ முதல் பாகம் மூன்று மணி நேர வெஸ்டர்ன் படமாக வந்தபோது தொடக்க வசூல் மெலிந்துபோக, ஆகஸ்டில் வரவிருந்த இரண்டாம் பாகம் வெளியீட்டுப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. நிதானமாக வருபவரை நம்பும் படத்துக்குக் கோடைக்காலத் திரைப் போட்டி ஏற்ற இடமல்ல என்பது என் எண்ணம்.

தலைப்பு ஒரு கூட்டத்தையும் படம் இன்னொரு கூட்டத்தையும் அழைப்பதும் உண்டு. 2011இல் வந்த ‘கௌபாய்ஸ் அண்ட் ஏலியன்ஸ்’ என்ற தலைப்பைக் கேட்டால் சிரிப்பு வருகிறது, படமோ முகத்தை இறுக்கிக்கொண்டு நகர்கிறது.

அமெரிக்காவுக்கு வெளியே வெஸ்டர்ன் விலைபோகாது என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஜெர்மானியர்கள் தங்கள் எழுத்தாளர் கார்ல் மேயின் வெஸ்டர்ன் கதைகளை 1960களில் யூகோஸ்லாவியாவில் படமாக்கிக் கொண்டாடினார்கள்; இத்தாலியர்கள் ஸ்பெயினின் அல்மேரியாவில் தங்களுக்கென ஒரு பாலைவனத்தையே கண்டுபிடித்தார்கள். லயன் காமிக்ஸில் நாம் தமிழில் படித்த கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லரும் 1948இல் இத்தாலியில் பிறந்தவர்தான். 1966இல் வந்த ஓர் இத்தாலியப் படத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட இயக்குநர் டாரன்டினோவின் ‘ஜாங்கோ அன்செயின்ட்’ 2012இல் வெளியாகி, சுமார் 42 கோடி டாலர் வசூலில் 26 கோடியை வெளிநாடுகளிலேயே பெற்றது. அந்தப் பார்வையாளர்களுக்கு அமெரிக்க வரலாற்றின் நுணுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டிய தேவையே எழவில்லை. அடிமையாயிருந்த ஒருவன் மனைவியை மீட்கப் புறப்படுகிறான் என்ற கதை போதுமாயிருந்தது.