எடுப்பான டிசைன் உடையில் வேலைக்குப் போகலாமா? முடிவெடுக்க எளிய வழி

பெரிய பூ, தடித்த கோடு, பளிச்சென்ற கட்டம் என்று ஏதோ ஒன்று பிடித்துப்போய் வாங்கிவிடுகிறோம். வேலைநாள் காலையில் அலமாரியைத் திறந்தால் கை என்னவோ பழைய வெள்ளைச் சட்டைக்குத்தான் போகிறது. "இதைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகலாமா?" என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது. உங்களை யார் பார்க்கிறார்கள், எவ்வளவு தூரத்தில் இருந்து, எவ்வளவு நேரம்? இந்த மூன்றையும் யோசித்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும். டிசைன் உடை போட்டே பழக்கமில்லாதவர்களுக்காக, முதலில் இருந்து வருவோம்.

படி 1: முதலில் வேலையைப் பாருங்கள்

எழுதி வைத்த உடை விதி இருந்தால் படித்துவிடுங்கள். அதில் டிசைனைப் பற்றி ஒன்றுமே இல்லாமல் "நேர்த்தியான உடை" என்பதோடு முடிந்திருந்தால், விதியை விட்டுவிட்டு வேலையின் தன்மையைப் பாருங்கள்.

சில வேலைகளில் டிசைன் வேலையையே கெடுக்கும். சைகை மொழிபெயர்ப்பாளர்களைக் கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் ஒரே நிறத்தில், அதுவும் தங்கள் தோல் நிறத்திலிருந்து நன்றாக வேறுபடும் நிறத்தில்தான் உடுத்துவார்கள். கையும் விரலும் தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா? பின்னால் பூவும் கொடியுமாக இருந்தால் பார்ப்பவர் விரலைத் தேட வேண்டியிருக்கும். கேமரா முன் சின்னச் சின்னப் பொருட்களைக் கையில் பிடித்து விளக்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். அதேபோல, கலங்கிப்போய் வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டிய வேலை என்றால் சட்டை அமைதியாக இருப்பதே மரியாதை.

மற்றபடி கணினி முன் உட்காரும் வேலை, வகுப்பு எடுப்பது, விற்பனை, வடிவமைப்பு எல்லாவற்றிலும் தாராளமாக இடம் உண்டு. சந்தேகமாக இருந்தால் உங்களுக்கு ஒரு படி மேலே இருப்பவர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். நேர்முகத் தேர்வுக்கும் சேர்ந்த முதல் சில நாட்களுக்கும் பிளெயின்தான் நல்லது. ஆளைத் தெரிவதற்கு முன்னால் சட்டை தெரிந்துவிடக் கூடாது.

படி 2: டிசைனைப் பிரித்துப் பாருங்கள்

"ரொம்பப் பளிச்சென்று இருக்கிறது" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: உருவத்தின் அளவு, வெளிச்சத்துக்கும் கருமைக்கும் உள்ள இடைவெளி, நிறங்களின் எண்ணிக்கை.

அளவு எளிது. பூ நகம் அளவா, உள்ளங்கை அளவா என்று பாருங்கள். பொடி உருவங்கள் தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். மிகப் பொடியான நீல வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை, பெரிய அறையின் மறுகோடியில் இருப்பவருக்கு வெறும் வெளிர்நீலமாகத்தான் தெரியும். உள்ளங்கை அளவு பூ அங்கிருந்தும் பூவாகவே தெரியும்.

இரண்டாவதற்கு போனை எடுங்கள். துணியைப் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். டிசைன் கிட்டத்தட்ட மறைந்துவிட்டால் இடைவெளி குறைவு என்று அர்த்தம். அப்படியே நின்றால் அதிகம். கறுப்பில் வெள்ளைப் புள்ளி கடைசி வரை நிற்கும், கருநீலத்தில் ஊதாப் பூ கரைந்துவிடும். நிறம் எவ்வளவு அடிக்கிறது என்பதை மட்டும் இந்தச் சோதனை காட்டாது. ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் சாம்பலில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நேரில் சண்டை போடும்.

இப்போது என்னுடைய விதி: மூன்றில் ஒன்றை மட்டும் தூக்கலாக வையுங்கள். பூ பெரிதாக இருந்தால் நிறங்கள் பக்கத்துப் பக்கத்து நிறங்களாக இருக்கட்டும். கறுப்பு வெள்ளையா? உருவம் சிறிதாக இருக்கட்டும். ஐந்தாறு நிறம் வேண்டுமானால் எல்லாம் சற்று மங்கலாக, பொடியாக இருக்கட்டும். மூன்றும் தூக்கலாக இருப்பது விடுமுறைச் சட்டை. அதை விடுமுறைக்கே வைத்துக்கொள்ளலாம்.

படி 3: கோடுகளை மட்டும் தனியாகச் சோதியுங்கள்

கோடு போட்ட சட்டை என்றாலே ஆபீஸ் சட்டை என்று நினைக்கிறோம். உண்மையில் பூவைவிடக் கோட்டில்தான் அதிகக் கவனம் தேவை. நெருக்கமான, இருட்டும் வெளிச்சமுமாக மாறி மாறி வரும் கோடுகள் பலருக்குக் கண்ணை உறுத்தும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இன்னும் சிரமம். பிரிட்டிஷ் உளவியலாளர் ஆர்னால்ட் வில்கின்ஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்கு (டிகிரிக்கு) சுமார் 3 ஜோடிக் கோடுகள் (ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தது ஒரு ஜோடி) வரும்போதுதான் உறுத்தல் அதிகம் என்பது அவருடைய ஆய்வுகளில் தெரியவந்தது. மேஜைக் கணக்கில் சொன்னால், 1 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, 3 மில்லிமீட்டர் கறுப்பு, 3 மில்லிமீட்டர் வெள்ளை என்று மாறி மாறி வரும் சட்டை. அதாவது ரொம்பச் சாதாரணமான, கோடு போட்ட ஒரு சட்டை!

நீங்கள் அதைப் பார்ப்பதில்லை, எதிர் மேஜைக்காரர் நாள் முழுக்கப் பார்க்கிறார். சட்டையைக் கதவில் மாட்டி, ஒரு மீட்டர் தள்ளி நின்று அரை நிமிடம் பாருங்கள். கோடுகள் அலைவது போலவோ நிறம் மினுங்குவது போலவோ இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளைக்குப் பதில் வெளிர்நீலத்தில் நீலக் கோடு, அல்லது இடைவெளி விட்டு மெல்லிய கோடு என்றால் பிரச்சினை இல்லை.

கிடைக்கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்ற பயம் இருந்தால் அதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கிடைக்கோடுகளால் ஆன சதுரம் உயரமாகத்தான் தெரிகிறது என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் தாம்சனும் கிரியாகி மிகெல்லிடுவும் உடை அணிந்த உருவங்களை வைத்துச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வும், கிடைக்கோடு ஆளை அகலமாகக் காட்டவில்லை என்றுதான் சொன்னது. பிடித்திருந்தால் போடுங்கள்.

படி 4: ஒரே ஒரு உடை மட்டும் பேசட்டும்

சட்டை டிசைன் என்றால் பேன்ட் பிளெயின். ஸ்கர்ட் டிசைன் என்றால் மேலே பிளெயின். பிளெயின் உடையின் நிறத்தை டிசைனுக்குள் இருந்தே எடுங்கள். உதாரணமாக, கருநீலத் தளத்தில் கடுகு மஞ்சள் பூ, நடுநடுவே சாம்பல் இலை போட்ட சட்டை. கருநீலப் பேன்ட் போட்டால் பூக்கள் தனியாக எழும்பி நிற்கும். சாம்பல் பேன்ட் போட்டால் அந்தச் சின்ன இலைகள் திடீரென்று முக்கியமாகி, மொத்தமும் அடங்கிவிடும். மஞ்சள் பேன்ட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புதிதாக ஆரம்பிப்பவர் டை அல்லது ஷாலில் தொடங்கலாம். அடுத்ததாக, பிளெயின் கோட்டுக்குள் டிசைன் சட்டை. கோட் திறந்திருந்தால் நடுவில் ஒரு பட்டை மட்டும்தான் தெரியும், அதிகமாகத் தோன்றினால் பொத்தானைப் போட்டுக்கொள்ளலாம். முழு டிசைன் சட்டை அதற்கு அப்புறம்.

வாங்கும் முன் போட்டுப் பார்க்கும்போது இரண்டு இடங்களைக் கவனியுங்கள். பொத்தான் வரிசையில் இடது பாதியும் வலது பாதியும் சேரும் இடத்தில் கட்டமோ பூவோ தொடர்ச்சியாக வருகிறதா? சட்டைப் பையின் மேல் உள்ள கோடு, பைக்குப் பின்னால் உள்ள கோட்டோடு சேர்கிறதா? டிசைன் பெரிதாக ஆக ஆக இந்தப் பிசகு பெரிதாகத் தெரியும், நல்ல துணிகூட மலிவாகத் தோன்றும். அப்புறம், பெரிய பூ ஒன்று நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ நட்டநடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே துணியில் தைத்த சட்டைகளிலேயே ஒன்றில் பூ தோளில் விழும், இன்னொன்றில் தொப்புளில். அடுக்கில் இருக்கும் இன்னொன்றை எடுத்துப் பாருங்கள்.

படி 5: வீடியோ கால் இருந்தால்

இங்கே கணக்கு தலைகீழ். நேரில் அடக்கமாகத் தெரிகிற பொடிக் கட்டமும் மெல்லிய கோடும்தான் கேமராவில் வம்பு செய்யும். கேமராவின் உள்ளே ஒளியை வாங்கும் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. துணியின் வரிசையும் அந்த வரிசையும் கிட்டத்தட்ட ஒரே நெருக்கத்தில் வந்தால், துணியில் இல்லாத அலைகளும் வானவில் நிறங்களும் திரையில் ஓடும். மோயிரே என்பது இதன் பெயர். நீங்கள் மூச்சு விட்டாலே அலை நகரும்.

வீடியோ அழைப்பில் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். நுணுக்கம் நிறைந்த துணி அசையும்போது இணைப்பு மெதுவாக இருந்தால் அது கட்டம் கட்டமாகக் கலங்கிப்போகும். அழைப்புக்கு முன் கேமராவைத் திறந்து, சற்று முன்னும் பின்னும் சாய்ந்து பாருங்கள். மினுங்கினால் சட்டையை மாற்றுங்கள், அல்லது மேலே ஒரு பிளெயின் கோட். பெரிய, மென்மையான உருவங்கள் திரையில் பிரச்சினை செய்வதில்லை.

படி 6: உருவத்தைப் படியுங்கள்

தூரத்தில் பூ போலத் தெரிவது கிட்டத்தில் மண்டையோடாகவோ மதுக்கோப்பையாகவோ இருக்கலாம். புரியாத மொழியில் எழுத்து அச்சிட்டிருந்தால் அர்த்தம் தெரியாமல் போடாதீர்கள்.

படி 7: முதல் நாள்

முக்கியமான கூட்டம் இல்லாத சாதாரண நாளாகப் பாருங்கள். காலையில் இரண்டொருவர் "புதுச் சட்டையா?" என்று கேட்பது சகஜம், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். மதியத்துக்கு மேலும் பேசுபவர்களின் கண் உங்கள் முகத்துக்கு வராமல் சட்டையிலேயே நின்றால், படி 2-க்குத் திரும்பி, மூன்றில் எது தூக்கலாக இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. வெள்ளைச் சட்டையை வாரத்தில் மூன்று முறை போட்டாலும் யாருக்கும் தெரியாது. உள்ளங்கை அளவு பூப்போட்ட சட்டையை இரண்டாவது முறை போடும்போதே தெரிந்துவிடும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசுங்கள். கருநிறம் வெள்ளையில் இறங்கிவிட்டால், மேலே சொன்ன எதுவும் அந்தச் சட்டையைக் காப்பாற்றாது.