சஸ்பென்ஷன் எவ்வளவு உயர்ந்தது? சரியாக அளக்கும் முறை

சானி மலைக்கணவாய் வழியாக லெசோத்தோ நாட்டுக்கு ஏற வேண்டுமென்று பாக்கியின் (பிக்கப் வண்டியின்) சஸ்பென்ஷனை, அதாவது ஸ்பிரிங் அமைப்பை, உயர்த்தும் டர்பன் நண்பர்கள் பலர், தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்துவிட்டு முடிவு சொல்கிறார்கள். அந்த அளவில் டயரும் காற்றழுத்தமும் கலந்துவிடும். 31 அங்குல டயரை 33 ஆக்கினாலே ஸ்பிரிங் மாறாமல் வண்டி ஏறக்குறைய 1 அங்குலம் உயரும்.

சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர்மேலே மட்கார்டின் கீழ்விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளப்பதே சரி. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும் முன்பே நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிவைக்க வேண்டும்; பின்னர் எந்தக் கணக்காலும் அதை மீட்க முடியாது. சமதளமான சிமெண்டுத் தரையில், இரு முறையும் ஒரே அளவு எரிபொருளும் ஒரே சுமையும் இருக்கட்டும்.

ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் அளந்தால், டயர்கள் உட்பக்கம் இழுபட்டு நிற்பதால் வண்டி முழுதாக அமராமல், அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அழுத்திக் குலுக்கிவிட்டு அளக்கவும். 480 மி.மீ. 530 ஆனால் உயர்வு 50 மி.மீ., அதாவது சுமார் 2 அங்குலம். புது ஸ்பிரிங் சற்று அமரும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் வரும் அளவையே நான் நம்புவேன். பாடியை மட்டும் சேசிஸிலிருந்து (அடிச்சட்டத்திலிருந்து) தூக்கியிருந்தால் இம்முறை ஏமாற்றும். அப்போது ஆக்சிலுக்கும் (சக்கர அச்சுக்கும்) சேசிஸுக்கும் இடையே அளக்க வேண்டும்.