படத்தில் இருப்பது மெசஞ்சரா, ஜெமினியா?

1940களின் பிரிட்டிஷ் சிறு விமானப் படம் ஒன்று கையில் கிடைக்கிறது, பின்னால் 'மைல்ஸ்' என்று தயாரித்த நிறுவனத்தின் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அது அந்த நிறுவனத்தின் மெசஞ்சரா, ஜெமினியா? முதலில் மூக்கைப் பாருங்கள். அங்கே புரொபெல்லர் இருந்தால் மெசஞ்சர். மூக்கு மொழுமொழுவென்று இருந்து, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின் இருந்தால் ஜெமினி.

ஆனால் பாதிப் படங்களில் யாராவது தொப்பியோடு மூக்குக்கு முன்னால் வந்து நின்றிருப்பார். சரி, வாலுக்குப் போங்கள். நிமிர்ந்து நிற்கும் பலகைகளை எண்ணுங்கள்: மெசஞ்சருக்கு மூன்று, ஜெமினிக்கு இரண்டு. மெசஞ்சரை அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஜார்ஜ் மைல்ஸ், ராணுவ பீரங்கிகளுக்கு வானிலிருந்து இலக்குப் பார்த்துச் சொல்வதற்காக, மேலிடத்தில் அனுமதி வாங்காமலே கட்டி, 1942இல் பறக்கவிட்டு, அதற்காகத் திட்டும் வாங்கினார். மணிக்கு 40 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் குறைந்தாலும் சுக்கான் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதால்தான் மூன்று வால். பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரிகூட ஒரு மெசஞ்சரில் சுற்றினார்.

போர் முடிந்ததும் அதே மர உடம்பை எடுத்து, 100 குதிரைசக்தி சிர்ரஸ் மைனர் எஞ்சின் இரண்டு பூட்டி, நான்கு பேர் சுற்றுலா போகும் வண்டியாக மாற்றியதுதான் ஜெமினி. இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் வுட்லியில் 1945 அக்டோபர் 26 அன்று முதலில் பறந்தது. அதனால் கேபினையோ, இறக்கைக்குப் பின்னால் தனியாகத் தொங்கும் ஃபிளாப்பையோ (மெதுவாகப் பறக்க உதவும் பலகை) பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டிலும் ஒரே மாதிரிதான், இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரைகூட ஏறக்குறைய 11 மீட்டர்தான்.

சக்கரம்? பறக்கும் படமாக இருந்தால் மட்டுமே உதவும். மெசஞ்சரின் கால்கள் எப்போதும் தொங்கும், ஜெமினி மடக்கிக்கொள்ளும். தரையில் நிற்கும்போது எல்லாக் காலும் கால்தான்.

அப்புறம் ஒரு பொறி இருக்கிறது. ஒரு எஞ்சின் நின்றுபோனால் ஜெமினி மூச்சு வாங்கும், என்னைக் கேட்டால் அதன் பெரிய குறையே அதுதான். அதைச் சரிசெய்ய 1951இல் 155 குதிரைசக்தி எஞ்சினும் பெரிய வாலும் வைத்து ஏரீஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜெமினி சுமார் 170 வந்தன, ஏரீஸ் இரண்டே இரண்டு. அதனால் வால் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தவுடனே ஏரீஸ் என்று குதிக்காமல், பூதக்கண்ணாடியை எடுத்து உடம்பில் எழுதியிருக்கும் பதிவெழுத்துகளைப் படித்துவிடுங்கள்.