பழைய விசிடி, டிவிடிகளை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும் முறை

பெட்டி நிறைய தமிழ்ப்பட டிஸ்க்குகள் இருந்தால் முதலில் விசிடிகளைத் தனியாகப் பிரித்து எடுங்கள். வேலையை அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். டிவிடியில் தகவல் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. விசிடியில் அது படம் அச்சடித்த மேல்பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷ் பூச்சை ஒட்டி இருக்கிறது. அதனால் அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. வாடகைக் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். பசையோடு வெள்ளிப் படலமும் பெயர்ந்து வந்துவிடும். டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் ஊடுருவுகிறதா? அந்த இடத்தில் இருந்த காட்சி இனிக் கிடைக்காது.

தேவையானவை: யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, மேக்எம்கேவி (டிவிடியிலிருந்து படத்தை எம்கேவி என்ற வீடியோ கோப்பாக எடுக்க), எம்கேவிடூல்நிக்ஸ் (கோப்புகளை இணைக்க, வெட்ட), ஹேண்ட்பிரேக் (அளவைக் குறைக்க), விஎல்சி (ஓட்டிப் பார்க்க) ஆகிய மென்பொருள்கள். டிரைவை லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகுங்கள். மின்சார அடாப்டர் இல்லாத ஹப் வழியாகச் செருகினால், டிஸ்க் சுழலத் தொடங்கும்போது கரண்ட் போதாமல் டிரைவ் துண்டித்துக்கொள்ளும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

துடைப்பதற்குக் கண்ணாடி துடைக்கும் மென்மையான துணி போதும். நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்கவும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு நீளமாக ஓடும்; அதைச் சரிசெய்ய டிரைவால் முடியாது. டூத்பேஸ்ட் வைத்தியம் அடிப்பக்க மெல்லிய கீறலுக்குச் சில நேரம் பலிக்கும்தான், ஆனால் வேறு எதுவும் பலிக்காதபோது மட்டும்.

விசிடி

உள்ளே எம்பெக்ஏவி (MPEGAV) என்ற ஃபோல்டரில் டாட் (.DAT) கோப்புகள் இருக்கும். முதல் கோப்பு பெரும்பாலும் கம்பெனி லோகோவோ விளம்பரமோதான்; அளவில் பெரியது எதுவோ அதுதான் படம். விண்டோஸில் அதை அப்படியே காப்பி செய்யலாம். லினக்ஸில் சாதாரண காப்பி பிழை காட்டி நிற்கும். விசிடியின் வீடியோ செக்டரில் (டிஸ்க்கில் தகவல் பிரித்து எழுதப்படும் சிறு துண்டு) 2,324 பைட் தகவல் இருக்க, சிஸ்டம் 2,048 பைட்டை எதிர்பார்ப்பதால் வரும் கோளாறு அது. அங்கே விசிடிஇமேஜர் தொகுப்பில் வரும் விசிடிஎக்ஸ்ரிப்பைப் பயன்படுத்துங்கள். பிழைதிருத்தத்துக்கான இடத்தையும் சேர்த்து வீடியோவுக்கே கொடுத்துவிட்டதால்தான் செக்டர் பெரிதாக இருக்கிறது. டேட்டா சிடியில் தெரியவே தெரியாத கீறல் விசிடியில் கட்டம் கட்டமாகத் தெரிவதும் இதனால்தான். காப்பி பாதியில் நின்றால் ஐசோபஸ்டர் போல, கெட்ட செக்டரைத் தாண்டிப் போகும் மென்பொருளால் எடுங்கள்.

நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று டிஸ்க்கில் வந்த படமென்றால், டாட் கோப்புகளை முதலில் எம்பிஜி (.mpg) ஆக்கிக்கொண்டு எம்கேவிடூல்நிக்ஸில் வரிசையாக 'அப்பெண்ட்' (ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது) செய்தால், தரம் குறையாமல் ஒரே எம்கேவி கோப்பாகிவிடும். அளவு குறையட்டும் என்று இதை மறுபடி என்கோட் செய்யாதீர்கள். 352×288 படத்தில் இழக்க இனி எதுவும் மிச்சம் இல்லை.

டிவிடி

மேக்எம்கேவியில் திறந்ததும் டைட்டில்கள் (டிஸ்க்கில் உள்ள தனித்தனி வீடியோக்கள்) நேர அளவோடு வரிசையாக வரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளதை டிக் செய்யுங்கள். பாடல் மெனுவுக்காகத் தனியாக வைத்த டைட்டில்களை விட்டுவிடலாம். அதே பாடல்கள் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆடியோவில் 5.1, ஸ்டீரியோ இரண்டும் இருந்தால் இரண்டையும் எடுங்கள், சப்டைட்டிலையும் விடாதீர்கள். ஒரு டிஸ்க் முடிய அரை மணி நேரத்துக்குள்தான் ஆகும்.

மூன்று படம் ஒரே டிவிடியில் வந்தவை தனி ரகம். சிலவற்றில் மூன்றும் தனித்தனி டைட்டிலாக இருக்கும். சிலவற்றில் ஏழரை மணி நேரத்துக்கு ஒரே டைட்டில்தான். அதை எம்கேவிடூல்நிக்ஸில் சாப்டர் எண்ணைக் கொடுத்து மூன்றாக வெட்டுங்கள். இரட்டை அடுக்கு டிஸ்க்கின் 8.5 ஜிபியை ஏழரை மணி நேரத்துக்குப் பங்கிட்டால் விநாடிக்கு 2.5 மெகாபிட்தான் வருகிறது. இவற்றையும் விசிடி போலவே கை வைக்காமல் விடுவது நல்லது.

எடுத்து முடித்ததும், டிஸ்க்கைப் பெட்டிக்குள் திரும்ப வைப்பதற்கு முன், எடுத்த கோப்பை விஎல்சியில் சோதியுங்கள். எங்கே பார்ப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. டிஸ்க் உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுகிறது. விரல் ரேகையும் கீறலும் அதிகம் விழுவது வெளி விளிம்பில். ஆகவே ஓரடுக்கு டிவிடியும் விசிடியும் கடைசியில்தான் தடுமாறும், சரியாக கிளைமாக்ஸில். இரட்டை அடுக்குப் பட டிவிடியில் முதல் அடுக்கு விளிம்பில் முடிந்து, இரண்டாவது அங்கிருந்து உள்ளே திரும்பும். அதில் இடைவேளையை ஒட்டிய பகுதியைப் பாருங்கள்.

படிக்க முடியாத டிவிடியை வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள், பாதிக்குப் பாதி அதிலேயே தீர்ந்துவிடும். அதிலும் முடியாவிட்டால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் மூலம் ஐஎஸ்ஓவாக (முழு டிஸ்க்கின் நகல் கோப்பு) எடுத்து, அதை மேக்எம்கேவியில் திறக்கலாம். காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டுள்ள டிஸ்க் என்றால் முதலில் விஎல்சியில் சில விநாடி ஓட்டிவிட்டு டிடிரெஸ்க்யூவைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் டிரைவ் செக்டர்களைத் தர மறுக்கும்.

டிவிடிக்கும் டிரைவுக்கும் எந்த நாடுகளுக்கானது என்று காட்டும் மண்டல எண் உண்டு. சிங்கப்பூரில் வாங்கியதை (மண்டலம் 3) இந்திய டிரைவில் (மண்டலம் 5) போடும்போது மண்டலத்தை மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததோடு பூட்டிக்கொள்ளும். தமிழ் டிவிடிகள் பலவற்றில் மண்டலப் பூட்டே கிடையாது.

பூட்டு பற்றி இன்னொன்று: 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதை இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. சொந்த டிஸ்க், சொந்த வீட்டில் பார்ப்பது என்ற எல்லைக்குள் நில்லுங்கள். டெலிகிராமில் ஏற்றுவதெல்லாம் வேறு கதை.

அளவைக் குறைப்பது

100 இரட்டை அடுக்கு டிவிடிகூட 1 டிபிக்குள் அடங்கும் என்பதால் பலருக்கு இந்தப் படியே தேவைப்படாது. தேவைப்பட்டால் ஹேண்ட்பிரேக்கில் வீடியோ வகைக்கு எச்.264, தர அளவான ஆர்எஃப் 18 முதல் 20 வரை. எண் குறைந்தால் தரம் கூடும். ஆடியோவுக்கு 'பாஸ்த்ரூ' (மாற்றாமல் அப்படியே விடுவது). நடனக் காட்சியில் விஎல்சியை நிறுத்திப் பாருங்கள், கை கால் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் 'டிகோம்ப்' ஃபில்டரைப் போடுங்கள். ஒரே ஃபிரேமில் இரண்டு உருவம் மங்கலாகக் கலந்து தெரிந்தால் அது டிஸ்க் தயாரிக்கும்போதே பால் (PAL) என்ற டிவி முறையிலிருந்து என்டிஎஸ்சி (NTSC) முறைக்கு மாற்றியதில் வந்த கோளாறு. எந்த ஃபில்டரும் அதைத் தீர்க்காது. சுற்றிலும் வரும் கறுப்புப் பட்டையைத் தானியங்கி கிராப் வெட்டிவிடும். ஆனால் பட்டைக்குள் சப்டைட்டில் அச்சாகியிருந்தால் கிராப்பை நிறுத்துங்கள்.

பெயர் வைப்பது

படங்களைப் போஸ்டரோடு அடுக்கிக் காட்டும் ஜெல்லிஃபின், கோடி என்ற மென்பொருள்கள் இரண்டுக்குமே படத்தின் பெயர், அடைப்புக்குறியில் ஆண்டு என்று ஒரு ஃபோல்டர் வேண்டும். தமிழ்ப் படங்களுக்கு ஆண்டு இல்லாவிட்டால் போஸ்டர் மாறிவிடும்: விக்ரம் 1986-லும் உண்டு, 2022-லும் உண்டு, பில்லா 1980, 2007. தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் கம்ப்யூட்டரில் பிரச்சினை இல்லை. பென் டிரைவில் போட்டு டிவியில் பார்ப்பவர்கள் ஆங்கில எழுத்தில் வைக்கலாம், சில டிவிகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரியும்.

இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் முழுப் பிரதி எடுத்து வேறு அலமாரியில் வையுங்கள். அதற்குப் பிறகும் அசல் டிஸ்க்குகளைத் தூக்கிப் போடாதீர்கள்; எடுத்த பிரதிகள் உங்களுடையவை என்பதற்கு இருக்கும் ஒரே சான்று அந்த டிஸ்க்குகள்தான்.