இன்ஜெக்டரைக் கழற்றும் முன்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே ஓடும் பெட்ரோல் காரில் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடுவது) நடுங்கினால் உடனே இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) மேல் பழி போடாதீர்கள். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் மூன்றையும் முதலில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். நல்லா ஓடும் வண்டிக்கு, சர்வீஸ் பில்லில் சேர்க்கும் 'இன்ஜெக்டர் கிளீனிங்' வெட்டிச் செலவு.

அவை சரியாக இருந்தும் ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் தொடர்ந்து கூட்டிக் குறைக்கும் சதவீதம்) +10 சதவீதத்தைத் தாண்டினால், வேக்வம் கசிவு (எஞ்சினுக்குள் வேண்டாத வழியில் காற்று புகுவது) இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பாலிஈதர்அமீன் (படிவைக் கரைக்கும் ரசாயனம்) கலந்த கிளீனரை லேபிளில் உள்ள அளவுப்படி டேங்கில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பி ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

அதிலும் சரியாகாவிட்டால் இன்ஜெக்டரைக் கழற்றி அல்ட்ராசோனிக் கிளீனரில் (ஒலி அதிர்வால் திரவத்தில் சுத்தம் செய்யும் தொட்டி) போட வேண்டும். எஞ்சின் ஆறியதும் பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்து அப்படியே பிடித்திருந்தால் காயில் கருகிவிடலாம். பழைய ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) திரும்பப் போட்டால் பெட்ரோல் கசியும், சூடான எஞ்சின்மேல்! புதியதில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி மாட்டுங்கள். ஃப்யூஸையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 3 முறை ஆனில் வைத்துக் கசிவு பாருங்கள்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியா? பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் அதில் அழுத்தம் மிக அதிகம், வீட்டில் கைவைக்க வேண்டாம்.